மூச்சு விடும் ஜல்லி

ஜூன் 9, ஞாயிறு

அசோசியேஷன் மீட்டிங் முழுக்கக் கழிவுநீர்ப் படுகையைப் பற்றித்தான். செக்ரட்டரி ஸ்ரீநாத் நேராகவே கேட்டார்: "கனிமொழி மேடம், மெஷின் வேணாம், ஜல்லியும் செடியும் போதும்னு நீங்கதானே சொன்னீங்க? நாத்தம் தாங்கல. அடுத்த மீட்டிங்குள்ள சரியாகலேன்னா இடிச்சிட்டு மெஷின் வச்சிடலாம்."

சரி என்றேன். இந்தக் குடியிருப்பின் கழிவுநீர் முழுவதையும் கல்வாழை வேரும் ஜல்லியும் சுத்தம் செய்யும் என்று கணக்குப் போட்டு வரைந்தவள் நான். அது வேலை செய்யும். இப்போது செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 11

படுகையிலிருந்து வெளியேறும் தண்ணீர், பின்னால் இருக்கும் பக்தவத்சலம் அண்ணனின் குட்டைக்குத்தான் போகும். இன்று வாய்க்காலை மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டார்.

"இன்னாம்மா தண்ணி இது? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கினு பூடுது."

கொஞ்சம் டைம் கேட்டேன்.

"டைம்லாம் இன்னாத்துக்கு? நல்ல தண்ணியா வுடு, மூட்டைய எட்த்துடறேன்."

அதுவரை படுகைத் தண்ணீரை லாரி வைத்துத்தான் அள்ள வேண்டும்.

ஜூன் 15

லேப் ரிப்போர்ட் வந்தது. மற்ற அழுக்கெல்லாம் நன்றாகவே குறைந்திருக்கிறது. அம்மோனியா மட்டும் உள்ளே போனபடியே வெளியே வருகிறது. ஏன்? செடி போதவில்லையா? ஆளுயரத்துக்கு நிற்கிறதே!

ஜூன் 16

கடப்பாரையை எடுத்து நானே தோண்டினேன். மேலே வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே ஜல்லி கன்னங்கரேல். அழுகிய முட்டை நாற்றம்.

அடச்சே — காத்தே இல்ல! எப்பவும் தண்ணி தேங்கியே கிடந்தா காத்து எங்கேர்ந்து வரும்? அம்மோனியாவைத் தின்னும் கிருமிகளுக்கு மூச்சு வேண்டும். வேர் வழியாகக் காற்று கீழே போகும் என்று நம்பியிருந்தேன். வேர் அவ்வளவு ஆழம் இறங்கவே இல்லை.

ஜூன் 22

இருப்பது இரண்டு படுகை. இனி ஒன்று நிரம்பும்போது மற்றது வடிய வேண்டும். தண்ணீர் வடிய வடிய, ஜல்லி இடுக்குகளில் காற்று தானாக இறங்கும். பிளம்பர் ஜஸ்டின் வால்வும் டைமரும் மாட்டிக்கொடுத்தார்.

ஜூன் 25

முதலில் வடிந்த தண்ணீர் மை போல வந்தது. அதைத் திரும்பக் கழிவுநீர் சேரும் தொட்டிக்கே அனுப்பினேன். அதற்குள் ஸ்ரீநாத் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார். போடட்டும்.

ஜூலை 3

நாற்றம் இல்லை. நிஜமாகவே இல்லையா, என் மூக்கு பழகிவிட்டதா? எதிர்வீட்டு சுலோசனாவை அழைத்துப் போனேன். "எதுக்குங்க என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். அது போதும்.

ஜூலை 20

ரிப்போர்ட்! நாற்பதில் இருந்த அம்மோனியா நான்குக்கு வந்துவிட்டது. பக்தவத்சலம் அண்ணனிடம் ஓடினேன். காகிதத்தை அவர் பார்க்கவே இல்லை. வாய்க்காலில் குனிந்து கையில் அள்ளி மோந்து பார்த்தார். இன்னொரு முறை அள்ளினார்.

"மழ காலத்துலயும் இப்டியேதான் வருமா?"

"வரும்ண்ணே."

"வரலேன்னா மறுபடி அடைப்பேன்" என்றபடி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மீட்டிங். பேச வேண்டியதையெல்லாம் நேற்றே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். முழுநேரமும் கார் பார்க்கிங் சண்டைதான். கடைசியில் ஸ்ரீநாத், "வேற எதாவது?" என்று கேட்டார். லிப்டில் கண்ணாடி வேண்டும் என்றார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஹாலில் ஒரே புழுக்கம். ரிப்போர்ட்டை இரண்டாக மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.