உப்பளத்துக்காரி நாக்கும் அஞ்சு பாத்தி வெங்காயத்தாளும்

மரக்காணம்,
கார்த்திகை மாசம், செவ்வாய்க்கிழமை.

திருப்பூரில் இருக்கிற என் மாமா சக்கரபாணிக்கு உங்க பொண்டாட்டி திரௌபதி கும்பிட்டு எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். நீங்களும் அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்.

மொதல்ல ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிடறேன், வேற யாராவது சொல்லி நீங்க கேக்குறதுக்கு முன்னாடி. ஞாயித்துக்கிழமை ரோட்டோரம் நின்னுட்டு இருந்தேன். திண்டிவனம் பஸ்லேர்ந்து ஒரு ஆள் எறங்கினார். உங்களோட அதே முதுகு, அதே வழுக்கை. ஓடிப்போய் அவர் பையைப் பிடுங்கிக்கிட்டு, வீட்டுக்கு வர வழி இப்பத்தான் தெரிஞ்சுதான்னு கேட்டுட்டேன். அவர் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர். பொண்டாட்டி பின்னாடியே எறங்கினாங்க. அன்னிலேர்ந்து ரோட்டுக்குப் போனா முந்தானையால முகத்தை மூடிக்கிட்டுதான் போறேன். தப்பு உங்க பேர்லதான். ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கிற மாதிரி ஒரு முதுகை வெச்சுக்கிட்டு, வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்.

இனி வெங்காயச் சேதி. கடல் வந்து உப்பளத்தை முழுங்கிட்டுப் போனப்புறம் நீங்க சாயப்பட்டறைக்குக் கிளம்பினீங்க. ரோட்டை ஒட்டின நம்ம நெலத்தை மனை போடுறவருக்குக் குடுத்துட்டு என்னையும் அங்க வரச் சொன்னீங்க. ஒரு வெள்ளாமை பார்க்கிறேன், வெளங்கலைன்னா நானே மூட்டை கட்டுறேன்னு சொன்னேன். நீங்களும் சரின்னீங்க. அந்தச் சரியை மறந்துடாதீங்க.

நடுறதுக்கு முன்னாடி கிணத்துத் தண்ணியை நான்தான் வாயில ஊத்திப் பார்த்தேன். எளநி மாதிரி இருந்துச்சு. நம்பி அஞ்சு பாத்தியிலயும் வெங்காயம் ஊனினேன். தாள் விரல் ஒசரம் வந்ததும் நுனியெல்லாம் மஞ்சளாகிக் கருகிடுச்சு. பூச்சின்னு நெனச்சு சாம்பல் தூவினேன். கண்ணு பட்டுடுச்சுன்னு பூசணிக்காயும் ஒடைச்சேன். பக்கத்து வீட்டு சகாயமேரி, பாண்டியில வீட்டு வேலைக்குப் போறாளே, அவ ஒருநாள் தாகத்துக்கு ஒரு வாய் குடிச்சிட்டு என் கால் மேலயே துப்பினா. ஏண்டி, இது கிணறா கடலான்னு கேட்டா. பொறந்ததுலேர்ந்து உப்பு வாரினவ நாக்கு மாமா, அதுக்கு எங்க தெரியும். இத்தனை வருஷம் என் கொழம்பை ஒரு வார்த்தை சொல்லாம தின்னீங்களே, ஆசையிலதான்னு இருந்தேன். உங்க நாக்கும் அதே நாக்குதான்னு இப்பத்தான் புரியுது.

அப்புறம் ரோட்டுக் குழாய்லேர்ந்து குடம் குடமா சுமந்து ஊத்தினேன். ஐப்பசி மழை கொட்டி மண்ணுல இருந்த உப்பைக் கழுவிட்டுது. கூடவே பள்ளத்துல இருந்த மூணு பாத்தியையும் அழுகடிச்சிட்டுது. மேட்டுல இருந்த ரெண்டு நின்னுச்சு.

விடியக்காலைல பிடுங்கி, மண்ணை உதறி, குழாயடியில அலசி, வாழைநார்ல கட்டி, ஈரச்சாக்கு மூடி பாண்டிக்கு எடுத்துப் போறேன். பஸ் ஸ்டாண்டாண்ட பிரைடு ரைஸ் கடை வெச்சிருக்கிற தம்பி வாங்கிக்குது. கிழங்கு நல்லா பெருசா தெரியட்டும்னு நான் பார்த்துப் பார்த்துக் கட்டினா, அது கிழங்கை வெட்டி ஒதுக்கிட்டு தாளை மட்டும் பொடிசா நறுக்குது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டாரச் சொல்லுது. பக்கத்துக் கடைக்காரங்களும் கேக்குறாங்க. அழுகின மூணு பாத்தியையும் மேடு கட்டி மறுபடியும் ஊனிட்டேன்.

ஆனா ஒரு இடத்துல உக்கார முடியலை மாமா. பாத்திக்கும் ரோட்டுக்குமா நடக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க நேரா ரெஜிஸ்டர் ஆபீசுக்கே வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிடுறதா போன்ல சொன்னீங்கன்னு மனைக்காரர் சொல்றார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அவர் பொய் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேதான் வெங்காயம் பிடுங்குறேன். வேரோட வராம தாள் பாதியில அறுந்து போவுது.

நெலம் உங்க பேர்ல இருக்குது. என் கையெழுத்து யாருக்கும் வேணாம். இருந்தாலும் மொதல்ல வீட்டாண்ட எறங்குங்க. ஒரு தாளைப் பிடுங்கிக் கடிச்சுப் பாருங்க. உங்க நாக்கை நம்ப முடியாது, சகாயமேரியையும் கூப்பிட்டு வெக்கிறேன். அப்புறமும் கையெழுத்துதான்னு தோணினா நானே உங்க கூட ஆபீசுக்கு வர்றேன். அம்மன் உங்களைப் பத்திரமா கொண்டாந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பாத்தி ஓரத்துல நிக்கிற
திரௌபதி.

எழுத விட்டுப்போச்சு. நேத்து மனைக்காரர் நாலு எல்லைக்கல் கொண்டாந்து நம்ம நெலத்துல எறக்கினார். அவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒரு கல் கிணத்துல விழுந்துடுச்சு. நான் அப்போ அங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். மூணு கல்லை வெச்சுக்கிட்டு நாலு மூலைக்கு என்ன பண்றதுன்னு கேட்டார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லைங்கன்னு சொல்லிட்டேன்.