சாவி கொடுக்காத கோடை

புனித யோவான் திருநாள்

நாளை கோமகன் வருகிறாராம், வேட்டைக்குப் போகிற வழியில். வழக்கப்படி என் அண்ணன் மகன் தியெரி கோட்டைச் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஓர் இரவு அவர் கொடி நம் கோபுரத்தில் பறக்கும். விடிந்ததும் சாவி திரும்ப வரும். நிலம் அவர் தந்தது என்பதற்கு அடையாளமாம். அண்ணன் உயிரோடு இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். நானாக இருந்தால்? ஒரே குத்தில் மூன்று குதிரைவீரர்களைச் சாய்த்தவன் நான். (போன வருடம் இரண்டு என்று சொன்னேனாம். தியெரியின் மனைவி ஈசாபோவுக்குக் கணக்கு வராது.)

"டேய் தியெரி, சிங்கம் குகைச் சாவியை யார்கிட்டயாவது கொடுக்குமாடா?" என்றேன், சாப்பாட்டில்.

"குகைக்கு ஏது மாமா கதவு?" என்றாள் ஈசாபோ. "ஒரு ராத்திரி கொடி பறந்தா கோபுரம் தேஞ்சா போயிடும்?"

தியெரி சிரித்தான். ஆனால் மீசையை முறுக்கினான். அது என் ரத்தம்!

மறுநாள்

வந்தார். ஏழெட்டுப் பேர், கையில் ஒரு ராஜாளி. வாசல் மாடத்திலிருந்து நானே குரல் கொடுத்தேன்: "சாவி துருப்பிடிச்சுப் போச்சு, பிரபு! அடுத்த வருஷம் வாங்க!"

மதில் மேல் எல்லாரும் சிரித்தார்கள், தியெரியும். கோமகன் சிரிக்கவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். பயம், வேறென்ன?

புனித மதலேன் திருநாள்

ஒரே மாதத்தில் கோமகன் படையோடு திரும்பி வந்துவிட்டார். இரண்டாயிரம் பேர். சரி, இருநூறு. கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள்.

"அடியில பாறைதானே, சித்தப்பா? நீங்கதானே நின்னு கட்டினீங்க?"

"முழுப் பாறைடா. பிசாசே வந்தாலும் பல்லு உடையும்."

வடக்குப் பக்கம் பாறைதான். கண்ணால் பார்த்தேன்.

மாதா விண்ணேற்புத் திருநாள்

கோபுரத்தின் தெற்கு மூலை காலையில் மதிலோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள்

தியெரி வெறுந்தலையோடு போய் மண்டியிட்டுச் சாவியை நீட்டினான். கோமகன் வாங்கவில்லை. இடிந்த மதிலைக் காட்டி, "இனி இதால எதைத் திறக்க?" என்றார். கோட்டையும் நிலமும் போயிற்று. வீரன் என்பதற்கு அடையாளமாக அவன் குதிகாலில் கட்டியிருந்த குதிமுள்ளைச் சமையல்காரனின் வெட்டுக்கத்தியால் அறுத்தெறிந்தார்கள். பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான் — என்னால பாக்க முடியல. ஏண்டா என் பேச்சைக் கேட்ட?

புனித மார்த்தின் திருநாள், மடத்தில்

தியெரி பாவம் தீர எருசலேமுக்கு நடந்தே போய்விட்டான். ஈசாபோ தகப்பன் வீட்டில். தியெரி போகும்போது கோட்டைச் சாவி வளையத்தை என் கையில் வைத்தான்.

இங்கே துறவிகள் நல்லவர்கள். தினமும் முற்றுகைக் கதை கேட்கிறார்கள். இன்று படை நாலாயிரம் ஆயிற்று. ஈசாபோ இல்லையே, குறுக்கே பேச.

பாலாடைக்கட்டி அழுத்தக் கனமாக ஏதாவது வேண்டும் என்றார் சமையல்கட்டுத் துறவி. சாவி வளையத்தைக் கொடுத்தேன்.

நன்றாகத்தான் அழுத்துகிறது.