நாற்பது, முப்பது, இருபது

இத்தாலியில், போலோன்யாவில் இருக்கிறவளுக்கு,

"ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயேன்" என்று போனில் சொன்னாயே, விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். தனிக் காசு இல்லாமல் கையில் கொண்டுபோகும் பை சீட்டுக்கு அடியில் அடங்கவேண்டுமாம்: நாற்பது, முப்பது, இருபது சென்டிமீட்டர். சக்கரமும் கணக்கில் சேருமாம். அப்படியானால் கைப்பிடி? யோசித்து யோசித்து, பை அடங்குகிறதா என்று வைத்துப் பார்க்க, அதே அளவில் பலகையில் ஒரு பெட்டியே அடித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ராத்கா எட்டிப் பார்த்து, "என்னப்பா, முயலுக்குக் கூண்டா?" என்றாள்.

"இல்லக்கா, எனக்குத்தான்."

உனக்கென்று அவள் கொடுத்த மிளகாய் விழுது ஜாடியைக் கையில் கொண்டுபோக முடியாது; திரவமாம். "கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது, இதுவா தண்ணி?" என்று அவளுக்கு ஒரே கோபம்.

நான்கு சட்டையும் உலர்ந்த இறைச்சியும் அடங்கிவிட்டன. வீட்டுக்குள் போடும் என் செருப்புதான் முட்டுகிறது. விருந்தாளி என்றால் வருகிறவர்களுக்கென்று வாசலில் நீ வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்வான். வீட்டுக்காரனுக்குத்தானே சொந்தச் செருப்பு வேண்டும்? இங்கே உன் வீட்டுச் செருப்பு, நீ போனதிலிருந்து இரண்டு வருஷமாக வாசலிலேயே இருக்கிறது. வருகிறவர் யாருக்கும் நான் அதைக் கொடுத்ததில்லை.

இரண்டு சட்டையை வெளியே எடுத்தால் என் செருப்பு உள்ளே போய்விடும். எடுக்கட்டுமா?

பையை இன்னும் மூடாமல் இருக்கும்,
நான்