அந்தப் பலகையில் பொத்தான் கிடையாது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இரண்டு பேருமே இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் போனை விசாரணை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் காகிதம்.

நீ அத்தான் ஊரிலிருந்து அனுப்பிய வாக்குமூலத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பாடம் முடிந்ததும் தெரியாமல் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாயாம். பொய் சொல்வதென்றால் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்ல வேண்டாமா? அந்த ஸ்மார்ட் போர்டில் அனுப்பும் பொத்தானே கிடையாது. உங்கள் பள்ளியில் எட்டு வகுப்பிலும் அதை மாட்டியவன் நான். என்னிடமே கதை விடுகிறாய்.

அன்று கடிதம் எழுதும் பாடம். முகவரி எழுதிக் காட்ட யாராவது வாங்க என்றாய். உன் வகுப்பு ரெட்டைப் பின்னல்காரி முந்திக்கொண்டு ஓடி வந்து, புது வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு எழுதினாள். அவள் அப்பாவுக்கு அது தெரியவே கூடாது என்று கோர்ட் உத்தரவு இருப்பது உனக்குத் தெரியும். உடனே அழித்தாய். உன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாய்.

என் வேலையைக் கேள். அந்தப் பலகை அழிப்பதற்கு முன் இருந்ததையும் சேமித்துக்கொள்ளும். மணி அடித்ததும் எல்லாப் பக்கமும் பெற்றோர் போனுக்குத் தானாகப் போகும். 'பெற்றோர் கூட்டத்துல காட்டணும், சீக்கிரம் போட்டு விடுப்பா' என்றார் தலைமையாசிரியை. தானாக அனுப்பும் அந்த வசதியைப் போட்டுவிட்டேன். போன் எண்களைப் பள்ளியின் பழைய பட்டியலிலிருந்து அப்படியே ஏற்றினேன். யார் எண்ணை நீக்க வேண்டும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவள் அப்பாவின் எண்ணும் அதில் இருந்தது. முகவரி கிடைத்ததும் அந்த ஆள் நேரே அந்த வீட்டுக்குப் போய்விட்டான்.

மாட்டிய அன்று நீ கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? 'டேய், அழிச்சா நிஜமாவே அழிஞ்சிடுமா?' என்று. நான் ஏணியில் நின்றபடி, 'துணியை வச்சுத் தொடைச்சாப் போயிடும், நீ போய்ப் பாடத்தை நடத்துக்கா' என்றேன். உன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவன் அடித்ததில் அவள் அம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று நர்ஸ் சொன்னார். வார்டுக்குள் போகவில்லை. பெஞ்சில் சித்தியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். 'போர்டு அண்ணா, நான் எழுதினதாலயா?' என்று கேட்டாள். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பள்ளி வக்கீலுக்கு உன் வாக்குமூலத்தில் பரம திருப்தி. 'அதான் உங்க அக்காவே ஒத்துக்கிட்டாங்களே, நீ ஏம்ப்பா நடுவுல வாயைத் திறக்கறே? சின்ன வயசு' என்கிறார். கை தவறி நடந்தது என்று ஆகிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. நான் மாட்டிய மற்ற ஆறு பள்ளிகளிலும் அது மணி அடித்ததும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. நான்கில் போய் நிறுத்திவிட்டேன். இரண்டில் உள்ளேயே விடவில்லை, அங்கே இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

புதன்கிழமை நீ வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதே. போட்டால் வேலையும் போகும், வழக்கும் உன் தலையில் விழும். பலகையின் பதிவேட்டை அச்செடுத்து வைத்திருக்கிறேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் அதைப் போட்டுவிட்டது, எல்லாம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீதான். அதற்காக என் தப்பையும் நீயே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வரி எழுது, அவளால் இல்லை என்று. டீச்சர் சொன்னால் நம்புவாள். உறைமேல் அவள் பெயர் மட்டும் போதும், முகவரி எழுதாதே. என் பேருக்கு அனுப்பு. நான் வெளியே இருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன் தம்பி