மச்சாளுக்கு வந்தது அம்மாள்தான்!

என் செல்ல அண்ணை,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மனிசிக்கு, என் மச்சாளுக்கு, ஒன்றுமில்லை! நான் இன்றுதான் நிம்மதியாக இரண்டு வாய் சாப்பிட்டேன்.

கப்பல் வேலையை விட்டு நீங்கள் மெலிந்து வந்தது நினைவிருக்கிறதா? மேலெல்லாம் ஊதாப் பொட்டுகள். "அம்மாள் வந்திருக்கிறா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப்படாது" என்று அம்மா வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். பொட்டுகள் காய்ந்ததும் தண்ணீர் வார்க்கலாம் என்று காத்திருந்தோம். அவை காயவே இல்லை.

பிந்தித்தான் டொக்டரிடம் போனோம். "எயிட்ஸ் கிருமியோடை ஓயாமல் சண்டை பிடிச்சு உடம்பின்ரை காவல் களைச்சுப்போச்சு. அந்த நேரம் பாத்துப் புற்றுநோய் வந்திட்டுது. உது அம்மாள் இல்லைப் பிள்ளை, தோலிலை வந்த புற்று" என்றார். எனக்கு வந்த கோபம்! யாரோடு சண்டை பிடிக்க?

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, தன் இரத்தத்தைச் சோதிக்க மச்சாள் சம்மதிக்கவே இல்லை. போன மாதம் அவருக்குக் காய்ச்சல், மறுநாள் முகத்தில் பொட்டுகள். அம்மா வேப்பமரத்தடிக்குப் போனார்.

"ஒரு கொப்பும் முறிக்கப்படாது!" என்று கத்தினேன்.

மச்சாள் சுவரைப் பார்த்தபடி, "எனக்கும் அதுதானே? என்ரை பிள்ளையை நீர் பாப்பீரோ?" என்றார்.

"விசர்க்கதை கதையாதையும்" என்று ஏசி, சைக்கிளில் ஏற்றி மிதித்தேன். பண்டத்தரிப்பு ரோட்டுக் குழியெல்லாம் என்னிடம் பேச்சு வாங்கியது.

டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உது கொப்புளிப்பான். உண்மையாவே அம்மாள்தான்!" விட்டேனா? இரத்தமும் எடுப்பித்தேன். அது கொழும்புக்குப் போனது.

வீட்டுக்கு வந்து வேப்பிலையை நானே கட்டினேன். பொட்டுகள் காய்ந்தன. மச்சாளோ, "இரத்தச் சோதனை மறுமொழி வரட்டும், பிறகு வார்க்கலாம்" என்று தண்ணீர் வார்க்க விடவில்லை.

இன்று வந்தது. கிருமி இல்லை.

மஞ்சளும் வேப்பிலையும் போட்டு நானே வார்த்தேன், அண்ணை. முதல் வாளிக்கு மச்சாள் விக்கி விக்கி அழுதார். அம்மா சிரித்தார். எனக்கு இரண்டும் வந்தது. உங்களுக்கு உயிரோடு வார்க்கக் கிடைக்காத தண்ணீர் அல்லவா?

இனி எந்தப் படலையில் வேப்பிலை கண்டாலும் உள்ளே போவேன். "முதல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்பேன். ஏன் என்று கேட்டால், என் அண்ணை எதனால் செத்தார் என்று மறைக்காமல் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி