நேராகப் பிடித்த நாடா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், ஃபோனில் சொன்னால் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

சாலையை அகலப்படுத்த அளந்தார்கள் என்றேனே, மீதியைச் சொல்லவில்லை. சாலை நடுவிலிருந்து இத்தனை அடி என்று அளக்க வந்தவர் வாசலில் கிடந்த மணல் குவியலைச் சுற்றி நாடாவை இழுத்தார், வளைந்ததிலேயே நீளம் போய், இடிக்கும் கோடு மதிலோடு நின்றது. தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள், முப்பது வருஷம் பௌதிகம் நடத்திய உன் அப்பாவின் வாய் சும்மா இருக்குமா? "சுத்திப் போனா அது தொலைவு தம்பி, நேரா போனாத்தான் இடப்பெயர்ச்சி" என்று மணலைத் தள்ளிவிட்டு, மறுமுனையை அவரே இழுத்துப் பிடித்தார். கோடு கூடத்துத் தூணைத் தாண்டிவிட்டது. தூண் போனால் வீடு நிற்காது என்று முழு வீட்டையும் இடிக்க எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஆயுசு முழுக்க ஒரு விரல் விட்டு அளவெடுத்துச் சட்டை தைத்தவள், மனுஷன் மூச்சு விட இடம் வேண்டாமா? ஆத்திரத்தில் "உங்க பாடத்தாலதான் நடுத்தெருவுல நிக்கப்போறோம்" என்று கத்திவிட்டேன். உடனே அவர் வீட்டைக் காலி செய்யப் புத்தக அலமாரியைத் தனியாக நகர்த்தப் போய் விழுந்தார். இடுப்பு மூட்டு விலகிவிட்டது. டாக்டர் இழுத்துப் பொருத்திவிட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்கிறார். வீடு இடிக்கப் பதினோரு நாள்தான் இருக்கிறது. மாற்று வீடு கேட்டு ஆபீசில் போய் அழுதேன், "இடம்பெயர்வோர் பட்டியல்ல உங்க நம்பர் நாப்பத்தேழு, காத்திருங்கம்மா" என்றார்கள். நீ கப்பல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பல் தன் எடைக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் என்று பெருமையாகச் சொன்னாய். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன், சிரித்தாய். இப்போது யாராவது பதில் சொன்னால் தேவலை.

எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. ஒரு வாய் இறங்கவில்லை அவருக்கு, சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நேற்று மட்டும் "நான் பிடிச்ச அளவு சரிதானே?" என்று கேட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ ஃபோனில் கூப்பிடும்போது அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லாதே, பொய் என்று கண்டுபிடித்துவிடுவார். அளவு சரி என்று மட்டும் சொல். அது உண்மை, எனக்கும் தெரியும், என் வாயில்தான் வரமாட்டேன் என்கிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, இதற்குப் பதில் எழுதாதே, அது வருவதற்குள் வாங்கிக்கொள்ளக் கதவு இருக்காது.

உன் அம்மா