நூற்றுப் பத்தொன்பதாவது ஆள்

செவ்வாய்க் கோள், பள்ளத்தாக்குக் குடியிருப்பு.
எழுதுபவர்: அங்கயற்கண்ணி, தொற்றுநோய்க் கணிதப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

நாள் 61, 15:20
118 பேரின் அட்டைகளிலிருந்தும் பதிவு எடுத்தாயிற்று. யார் யார் அருகில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை, மார்பில் குத்திய அந்த அட்டை குறித்துக்கொள்ளும். வியாழன்தோறும் மூன்று பகுதிகளுக்கும் போய், ஒவ்வொருவர் முன்னும் குனிந்து பேட்டரியை நானே மாற்றுகிறேன். இன்றும் வியாழன்; மதியச் சாப்பாடு வடக்குப் பகுதியில், எல்லோரோடும்.
போன மாதக் காய்ச்சல் அடங்குகிறது. ஒரு நோயாளி சராசரியாக 0.8 பேருக்குத்தான் பரப்புகிறார். ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் தானாக ஓயும். கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது.

நாள் 66, 16:05
வடக்கில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். கணித மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். வடக்கை மூடினால் மற்ற 87 பேரும் தப்புவார்கள். தலைமைக்கு எழுதினேன், பத்தே நிமிடத்தில் மூடிவிட்டார்கள். உள்ளே 31 பேர். மருந்தறை தெற்கில் இருக்கிறது.

நாள் 72, 11:40
கிழக்கிலும் தெற்கிலும் காய்ச்சல். வடக்கிலிருந்து யாரும் வெளியே வரவே இல்லை. பதிவுகளில் ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை.
வடக்கில் குழாய் வேலை பார்க்கும் ரொசாரி வயர்லெஸ்ஸில்: "எக்கா, சலைன் தீந்துட்டு. பன்னெண்டு பேரு மூச்சுவிடச் செரமப்படுதாவ. கதவத் தொறக்கச் சொல்லுங்க."
திறந்தால் இன்னும் மோசமாகும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றேன்.
"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பொறுத்துக்கிடுதோம்."
அந்த மனிதர் என்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

நாள் 79, 13:15
இதைக் கண்டெடுப்பவருக்கு. பதிவுகள் பொருந்தாததால், இல்லாத ஓர் ஆளை மாதிரியில் சேர்த்துப் பார்த்தேன். வாரம் ஒருமுறை எல்லோரையும் நெருங்கும் ஓர் ஆள். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எல்லாக் காய்ச்சலும் வியாழனுக்கு நான்காம் நாள் தொடங்கியிருக்கிறது.
நான் அட்டை அணிவதில்லை. அணிந்தால் எல்லோர் பதிவிலும் நானே நிறைந்து கணக்கு கெட்டுவிடும் என்று கழற்றி வைத்திருந்தேன். இரத்தம் சோதித்தேன். கிருமி இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல்கூட இல்லை. போன வியாழனும் கிழக்குக்கும் தெற்குக்கும் போனேன். குனிந்தேன். ஒவ்வொருவர் முன்னும்.
பாவி நான்.

14:30
தலைமையும் வடக்கும் கேட்க, வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். பரப்பியது நான், மூடியிருக்க வேண்டியது என் அறையை என்று. வடக்கைத் திறக்கப் போகிறார்கள். நான் உள்ளே தாழிட்டுக்கொண்டேன்.
ரொசாரி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.
"மருந்து எத்தன பேருக்கு எடுக்கணும்னு கேக்காவ. இங்க இருக்க எல்லாரு பேரயும் வாசிக்கேன், எழுதிக்கிடுங்க எக்கா."

14:52
31 வரை எண் போட்டு வைத்துக்கொண்டு எழுதினேன். பதினோராவது பெயரோடு நிறுத்தினார். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்து, மெதுவாக அடுத்த பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.
"அம்புட்டுதான் எக்கா."